அடைக்கு எடுத்த முட்டைகள்

அப்போதுதான் இட்ட முட்டையை மூடிய கண்ணிமையின்மேல் வைத்தால், அதன் வெதுவெதுப்பு முதலில் இமைக்குள்ளும் பிறகு மூக்குத்தண்டு வரைக்கும் மெல்ல இறங்கும். கூடவே வைக்கோல் வாடையும் உலர்ந்த எச்சத்தின் காரமும் வரும். என் அம்மா முட்டையைச் சோதித்தது அப்படித்தான். கையால் தொட்டுச் சொல்ல அவளால் முடியாது. சிறு வயதிலிருந்தே ஏரித் தண்ணீரில் மண்டியிட்டு, இறால் போடுகிற ஓலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றுக்குள் இறால் தடவிய கைகள் அவை. உப்பு அறுத்து, நண்டு கடித்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், கொதிக்கிற கஞ்சிச் சட்டியைக்கூடத் துணியில்லாமல் இறக்கி வைப்பாள். "என் கைக்கு இன்னா தெரியும், அது வெறுங்கட்ட" என்று சொல்லிக்கொண்டே முட்டையை இமைக்குக் கொண்டுபோவாள். அவள் உடம்பில் காய்க்காமல் மிச்சமிருந்த இடம் அது ஒன்றுதான்.

நாங்கள் தோணிரேவுக்காரர்கள், ஏரிக்கரை மீன்காரர்கள். பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிக்கொண்டு, கொடி ஏற்றிக்கொண்டு, கடலில் கப்பல்களை நிறுத்தி வைத்துக்கொண்டிருந்த காலம். கோட்டையைப் பற்றியும் கப்பலைப் பற்றியும் பெரிய மனிதர்கள் வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. நான் சொல்லப்போவது முட்டையைப் பற்றி. முட்டைக்கு என்ன கதை என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும், எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

அம்மாவுக்கு முட்டை இரண்டே வகைதான். தின்கிற முட்டை, அடைக்குப் போகிற முட்டை. தின்கிறது எப்படி இருந்தாலும் சரி, அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அடைக்குப் போகிறது என்றால் சம்பந்தம் பேசப் போனவள் மாதிரி முட்டையின் தாயையும் தகப்பனையும் விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள். சேவல் கூடத் திரிகிற கோழியா, சேவல் எவ்வளவு நாளாக இருக்கிறது, கோழி இதற்கு முன்னால் குஞ்சு பொரித்திருக்கிறதா, குஞ்சுகளைக் கொத்தித் துரத்துகிற குணம் உண்டா. "விடக்கோழி வெக்கிற மொத முட்ட வேணாம், அதுக்கே இன்னும் ஒடம்பு ஆவல" என்பாள். பந்து போல உருண்டது கூடாது, இரண்டு பக்கமும் கூர்ந்தது கூடாது, ஓட்டில் வரி விழுந்தது கூடாது. பெரிய முட்டையைக் கண்டு ஆசைப்பட்டால் திட்டு விழும். அதில் இரண்டு கரு இருக்கும், ஒன்றும் பிழைக்காது. பனையோலையைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையில் முட்டையை வைத்து, மறுமுனையில் கண்ணை வைத்து வெயிலுக்கு நேரே பிடிப்பாள். தலைப்பக்கத்தில் இருக்கிற காற்றுக்குமிழி சின்னதாக இருந்தால் புதுசு, பரந்துபோயிருந்தால் பழசு. எங்களையும் பார்க்கச் சொல்வாள். எனக்குச் சிவப்பாக ஒரு வெளிச்சம்தான் தெரியும். என் அக்கா பச்சையம்மா மட்டும், "கீதும்மா, காசு அளவுக்குத்தான் கீது" என்று சரியாகச் சொல்வாள்.

இத்தனையும் தேறிய பிறகும் ஒரு பெரிய கட்டுப்பாடு இருந்தது. அடை முட்டையைக் கழுவக் கூடாது, எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. மீன்காரர் வீட்டில் எண்ணெய் படாத கை எங்கே இருக்கிறது? விளக்குக்கு மீனெண்ணெய், தோணிக்கு மீனெண்ணெய், வலைக் கயிற்றுக்கு மீனெண்ணெய், கதவுக் கட்டையைத் தொட்டால்கூடக் கை பிசுபிசுக்கும். அதனால் அம்மா சாம்பலால் கையைத் தேய்த்து, வெயிலில் காய வைத்து, அப்புறம்தான் முட்டைப் பானைக்குப் பக்கத்தில் போவாள். "முட்டையும் மூச்சு வுடுது. நம்மள மாதிரி அதுக்கு மூக்கு ஒண்ணு இல்ல, ஒடம்பெல்லாம் மூக்கு. நீ அத்த அடச்சிட்டா உள்ள இருக்கறது இன்னா பண்ணும்?" என்று பச்சையம்மாவிடம் சொல்வாள். ஆண்பிள்ளைகள் அந்தப் பானைக்குக் கிட்டவே வரக் கூடாது. நைனா ஒரு தரம் குனிந்து பார்த்ததற்கு அவரைப் படலுக்கு வெளியே அனுப்பினாள். அவரும் சிரித்துக்கொண்டே போனார். பெண்பிள்ளைகள் விவகாரம் என்று அவர் அதைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

நான் சொல்கிற வருஷத்தில் சிரிப்பெல்லாம் ஓய்ந்துபோயிருந்தது. இரண்டு மழைக்காலம் வெறுமனே போனது. ஆறு வரவில்லை, ஆற்றுத் தண்ணீர் தள்ளாததால் முகத்துவாரம் மணல் அடைத்து மூடிக்கொண்டது, கடலும் உள்ளே வரவில்லை. ஏரி உப்பாகச் சுண்டி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்து, மடவை மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அந்த நாற்றம் அரிசி வேகிற வாசனையை எனக்கு மறக்க வைத்தது; வேக வைக்க அரிசியும் இல்லை. எளாவூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கோட்டையை நோக்கி நடந்தார்கள். நடந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேரவில்லை. எங்கள் வீட்டில் தவழ்கிற தம்பி ஒருவன் இருந்தான். மாசி மாதத்தில் அவன் போய்விட்டான். அவனைப் புதைத்துவிட்டு வந்த நைனா பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

அந்த நாளில் கோட்டைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற தரகர்கள் ஊர் ஊராக வந்தார்கள். கப்பல் ஏற்றி, கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் பிடித்து வைத்திருந்த பத்தாவிக்குக் கொண்டுபோவார்கள், அங்கே வீட்டு வேலை, தோட்ட வேலை, வேளைக்குச் சோறு என்று சொன்னார்கள். பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி. கொடுத்தவர்களை இன்றைக்கு வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பசியில் குழந்தை அழுவதை நிறுத்திக்கொள்வதைப் பார்த்ததில்லை. அழுகிறவரைக்கும் பயமில்லை. நிறுத்தினால்தான் பயம். நைனா பச்சையம்மாவைத் தருவதாகத் தரகரிடம் ஒப்புக்கொண்டுவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னார். "இங்க இருந்தா ரெண்டும் பூடும். அங்க போனா அது ஒண்ணு சோறு துன்னும், இங்க இது ஒண்ணு துன்னும்." அம்மா அவரை அடிக்கவில்லை, கத்தவில்லை. "கப்பல் எப்ப வருது" என்று மட்டும் கேட்டாள். வைகாசி கடைசியில் என்றார்.

அம்மா தலையை முடிந்துகொண்டு கோட்டைக்கு நடந்தாள். அங்கே கப்பல்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோழி வளர்க்கிற கொட்டகை ஒன்று இருந்தது. அந்தக் கோடையில் கழிச்சல் நோய் விழுந்து கொட்டகையே காலியாகிவிட்டதாக ஊரில் பேச்சு அடிபட்டது. கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு கங்காணி, நம் ஊர் ஆள்தான், நடுவயசுக்காரர். அம்மா அவரிடம் வேலை கேட்டாள். அவர் சொன்னதை அம்மா அப்படியே எங்களிடம் வந்து சொன்னாள். "எல்லாம் வந்து எனக்குக் கோழி வளக்கத் தெரியும்னு சொல்றாளுங்க. சொல்றவளுக்கெல்லாம் வேல குடுக்க முடியுமா? நோய் இல்லாத தாய்க்கோழி ஒண்ணு, கூட குஞ்சு, கண்ணால காட்டு. அன்னிக்கே உன்ன உள்ள எடுத்துக்கறேன். தெனம் அரிசி அளந்து குடுப்பாங்க, உன் வீடே துன்னலாம்." கப்பல் கிளம்புவதற்குள் என்பது அவருடைய கெடு. எங்கள் வீட்டில் தின்னாமல் விட்டுவைத்திருந்தது ஒரே ஒரு செவலைக் கோழி. அது பொரித்துவிட்டால் பச்சையம்மா வீட்டில் இருப்பாள், பொரிக்காவிட்டால் கப்பல் ஏறுவாள். பச்சையம்மா உட்பட வீட்டில் நான்கு பேருக்கும் இது தெரியும். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கலாம், எனக்கு எட்டு.

நைனாவும் சும்மா இருக்கவில்லை. ஏரி செத்ததும் வலையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, கப்பலுக்குச் சரக்கு கட்டுகிற கொட்டகையில் கூலிக்குப் போனார். அங்கே அவருக்கு வேலை முட்டை முக்குவது. கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, முட்டைகளைக் கூடையோடு அதில் இறக்கி எடுத்துக் காய வைத்து, உமியில் அடுக்கிப் பீப்பாய் கட்டுவார்கள். அப்படிச் செய்தால் மாதக்கணக்கில் கெடாதாம், பத்தாவி போய்ச் சேர்ந்த பிறகும் உடைத்தால் அன்றைக்கு இட்டது போல இருக்குமாம். "கப்பல் முட்டை" என்று அதற்குப் பேர். அது நைனாவுக்கு ஒரே ஆச்சரியம். அவ்வளவு முட்டையைப் பகலெல்லாம் தொட்டுவிட்டு, ஒன்றைக்கூட வாயில் போடாமல், வெந்துபோன விரல்களோடு சாயங்காலம் வீட்டுக்கு வருவார். அங்கே கொடுத்த கஞ்சியில் பாதியைத் தேங்காய்ச் சிரட்டையில் எங்களுக்குக் கொண்டுவருவார்.

ஒரு கோழி இடுகிற முட்டை போதாது, அதுவும் பசியில் இடுகிற கோழி. ஊரில் சேவலே அருகிப்போயிருந்தது. நைனா கொட்டகையிலிருந்து, இன்னும் முக்காத புது முட்டையாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வரட்டுமா என்றார். அம்மா வேண்டாம் என்றாள். "எங்கியோ கெடந்து வண்டியில கொலுங்கினு வந்த முட்ட. உள்ள கலங்கிப்பூடும்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று அவர்கள் இன்னும் நாலு வார்த்தை கூடப் பேசியிருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை.

அம்மா பச்சையம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு முட்டை தேடிப் போனாள். ஏரியில் மிச்சமிருந்த குழிகளில் விடியலில் தடவி எடுத்த கொஞ்சம் இறாலைக் காய வைத்து முந்தானையில் கட்டிக்கொண்டு, சுண்ணாம்புக்குளம் வரைக்கும் நடந்தோம். ஒரு வீட்டில் ஒரு அம்மா ஐந்து முட்டையைப் பளிச்சென்று கொண்டுவந்து வைத்தாள். நல்ல வாளிப்பான முட்டைகள். என் அம்மா குனிந்து மோந்து பார்த்தாள்.

"கழுவினியாம்மா?"

"ஆமா. அசிங்கமா இருந்திச்சு, உங்கிட்ட குடுக்கறதுக்குன்னு கழுவினேன்."

"நல்ல மனசுதான். ஆனா எனக்கு ஆவாது. வச்சிப் புள்ளைங்களுக்கு அவிச்சிக் குடு."

அந்த அம்மா முறைத்தாள். பஞ்சத்தில் இப்படிப் பொறுக்குகிறவளை அவள் பார்த்திருக்க மாட்டாள். எனக்கும் வயிறு எரிந்தது. அந்த ஐந்தையும் வாங்கி வழியிலேயே பச்சையாகக் குடித்திருக்கலாம். அடுத்த வீட்டில் இரண்டு தேறியது, அதற்கடுத்த தெருவில் ஒன்று. இப்படிப் பொறுக்கிச் சேர்த்ததை மடியில் பஞ்சு வைத்து அம்மா சுமந்து வந்தாள். மூன்று பேரும் முந்தின நாளிலிருந்து பட்டினி. கூட வருவது தின்கிற பண்டம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பச்சையம்மா வழி முழுக்க அம்மாவின் மடியைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

சேர்ந்தவற்றை வாயகன்ற மண்பானையில் கிளிஞ்சல் தூள் கலந்த ஏரி மணலைப் பரப்பி, கூர்முனை கீழாக நட்டு வைத்தோம். செவலை இன்னும் அடைக்கு வரவில்லை. அது இட்ட முட்டைகளும் அதே பானைக்குப் போயின. மொத்தம் பதினொன்று. தினமும் காலையும் மாலையும் பச்சையம்மா சாம்பல் தேய்த்த கையால் ஒவ்வொன்றையும் சற்றே சாய்த்து வைப்பாள். வெயிலோ சித்திரை வெயில், கூரையே பொரிந்தது. இட்ட முட்டை ரொம்ப நாள் தாங்காது. கோழி உட்கார வேண்டும், உட்காராமல் முற்றத்தில் திரிந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இந்த முண்டைக்கு அவசரம் ஒண்ணு இல்ல, ஊரைச் சுத்துது பாரு" என்று திட்டுவாள், பிறகு தன் பங்குக் கஞ்சியில் ஒரு பிடி எடுத்து அதற்கே போடுவாள். நைனா படலுக்கு வெளியே உட்கார்ந்து, பானை இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். "வெயில்ல கெட்டுப்பூடுமோ" என்று இரண்டு தரம் கேட்டார். அம்மா கோழியை விரட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் அம்மாவும் நாங்களும் ஏரிக்குப் போய்த் திரும்பியபோது செவலை மூலையில் பம்மி உட்கார்ந்து, கிட்டப் போனால் சிறகை விரித்துக் கரகரவென்று உறுமியது. அடைக்கு வந்துவிட்டது. அம்மாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. கோழியை அந்தி மங்கியபின்தான் முட்டைமேல் வைக்க வேண்டும், வெளிச்சத்தில் வைத்தால் எழுந்து ஓடும். ஆனால் அந்தி மங்கினால் அம்மாவுக்குக் கண் தெரியாது. பசிக் காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு மாலைக்கண் வந்திருந்தது. ஆகவே பச்சையம்மாதான் முட்டைகளை எடுத்துக் கூடையில் அடுக்கினாள். அம்மா கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காதாலேயே கவனித்தாள்.

"அம்மா, முட்டையெல்லாம் வெளுத்துக் கீதே."

"கிளிஞ்ச மண்ணுலயே இத்தினி நாளா கெடந்தது. வெளுக்காம? நீ கூர கீழ் வச்சி ஜாக்கிரதையா அடுக்கு."

பச்சையம்மா அடுக்கினாள். அம்மா கோழியைத் தடவித் தூக்கி மேலே வைத்தாள். அது உடம்பை அசைத்து அசைத்து முட்டைகளை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. இடி இடித்தால் கருக் கலங்காமல் இருக்கத் தோணியில் பிடுங்கிய ஆணி ஒன்றையும் ஒரு கரித்துண்டையும் கூடைக்குள் போட்டார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் எங்கள் வீடு கோழிக்காகவே நடந்தது. அதன் முன்னால் யாரும் உரக்கப் பேசக் கூடாது. உட்கார்ந்துவிட்ட கோழியை எழுப்பி முட்டையைத் தூக்கிப் பார்க்கிற வழக்கம் எங்களிடம் இல்லை, தொட்டால் அது அடையைக் கைவிட்டுவிடும் என்பார்கள். பச்சையம்மா அதற்குத் தண்ணீர் வைத்தாள், எறும்பு ஏறாமல் கூடையைச் சுற்றிச் சாம்பல் போட்டாள், கரையான் புற்றைத் தேடிப்போய்க் கிளறிக் கொண்டுவந்து கொடுத்தாள். தான் பிழைப்பதற்கான வேலையைத் தானே செய்கிறோம் என்று அவள் காட்டிக்கொள்ளவில்லை. கோழிக்குப் பேர்கூட வைக்கவில்லை. நடுவில் ஒருநாள் பிற்பகல் வானம் கறுத்து, காது செவிடாகிற மாதிரி ஒரு இடி இடித்து, மழை ஒரு சொட்டும் விழாமல் போனது. அம்மா ஓடிப்போய்க் கூடைமேல் கவிழ்ந்துகொண்டாள்.

கப்பல் வந்துவிட்டது. கரையிலிருந்து பார்த்தால் அதன் பாய்மரங்கள் தெரிந்தன. பொரிக்க வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால், ஓட்டுக்குள் கொத்துகிற சத்தம் கேட்கிறதா என்று அம்மா கூடைக்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தாள். கேட்கவில்லை. கடைசியில் அகலச் சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, கோழியை எழுப்பி, முட்டைகளை ஒவ்வொன்றாக அதில் விட்டாள். உள்ளே உயிர் இருந்தால் மிதக்கிற முட்டை துள்ளும், ஆடும். நாங்கள் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நைனா கூட அன்று படலுக்கு உள்ளே வந்து நின்றார், அம்மா அவரை விரட்டவில்லை. தண்ணீர் அசங்காமல் நின்றது. முட்டைகளும் அசங்காமல் நின்றன. "இன்னும் ஒருநா பாப்போம்" என்று அம்மா அவற்றைக் கோழிக்கு அடியில் மறுபடி வைத்தாள். அடுத்த நாளும் பார்த்தாள். அதற்கடுத்த நாள் தரகரின் ஆள் வந்து, நாளைக் காலையில் படகுத்துறைக்குப் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, அம்மா ஒரு முட்டையை எடுத்து அம்மிக்கல் ஓரத்தில் தட்டினாள். கூமுட்டையின் நாற்றத்துக்குத் தயாராக மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாற்றம் வரவில்லை. மஞ்சள் கொஞ்சம் தளர்ந்து, நடுவில் கடுகளவு ஒரு ரத்தப்பொட்டோடு அப்படியே இருந்தது. இன்னொன்றைத் தட்டினாள், அதுவும் அப்படியே. அடையில் இத்தனை நாள் கிடந்து கெடாத முட்டையை அவள் கண்டதே இல்லை. மிச்சத்தையும் ஒவ்வொன்றாக உடைத்தாள், பதினொன்றும் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் அடித்துக் கலக்கி, உப்புப் போட்டு, அடுப்பில் ஏற்றிக் கிண்டினாள். பஞ்சத்தில் வேறு என்ன செய்வார்கள்? பச்சையம்மாவுக்குப் பெரிய பங்காக வைத்தாள்.

வட்டமாக உட்கார்ந்து தின்றோம். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வருஷத்தில் நான் தின்ற நல்ல சாப்பாடு அதுதான், ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. நைனா தன் பங்கிலிருந்து ஒரு கவளம் எடுத்துப் பச்சையம்மாவின் தட்டில் வைத்தார். அவர் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் இளகியிருந்தது.

"இத்தினி நாளாயும் கெடல பாத்தியா. நான்தான், கோழி அடைக்கு வந்த அன்னிக்குக் காலையில, நீங்க ஏரிக்குப் போயிருந்தப்ப சுண்ணாம்புத் தண்ணில முக்கி எடுத்து வெச்சேன். கொட்டாயிலேர்ந்து கொஞ்சம் கொணாந்து. வெயில்ல கெட்டுப்பூடப் போதேன்னு பயமா இருந்திச்சு. நல்லா தொடச்சி, அதே மாதிரி மண்ணுல நட்டுட்டேன். இல்லன்னா இன்னிக்கு இதுவும் இல்ல."

அம்மாவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. பச்சையம்மா தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். எதற்குப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை, எனக்கு அப்போது தட்டில்தான் கவனம். அம்மாவின் உதடு எதையோ சொல்லத் திறந்தது. அதற்குள் பச்சையம்மா முந்திக்கொண்டு சொன்னாள்.

"நல்லா கீது நைனா."

தட்டில் இருந்ததை வழித்துத் தின்றாள். அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

விடிந்ததும் நைனா அவளைப் படகுத்துறைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா தன்னிடம் இருந்த கிழியாத சேலையை இரண்டாகக் கிழித்து அவளுக்கு உடுத்தியிருந்தாள். பச்சையம்மா என்னிடம், "கோழிக்குத் தண்ணி வெக்க மறக்காத, அது இன்னும் எழுந்துக்கல" என்றாள். உண்மைதான், வெறுங்கூடையில் செவலை அப்போதும் அடைகாத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் நைனா தோளில் அரிசி மூட்டையோடு திரும்பி வந்தார். அதை இறக்கி வைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனவர் இருட்டும்வரை வரவில்லை. மழை ஆவணியில் பெய்தது, முகத்துவாரம் உடைத்துக்கொண்டது, ஊர் பிழைத்தது. அந்த அரிசியைத் தின்றுதான் நான் பிழைத்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன்.

பொரிக்காததற்கு அந்த இடிதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நைனா நம்பினார். அம்மா மறுக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி நான் முதல்முதலாகக் கோழி வைத்தபோது, என் மாமியார் வீட்டில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த கையோடு நான் முட்டையைத் தொடப் போனேன். பார்க்க வந்திருந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். அந்தப் பிடியில் இருந்த வலுவுக்கு நான் பயந்துபோனேன். அப்புறம் புறக்கடைக்குக் கூட்டிப்போய் எல்லாம் சொன்னாள். மீனெண்ணெய் அடைப்பதைவிடச் சுண்ணாம்பு கெட்டியாக அடைக்கும். காற்றுப் போகாததால் முட்டை கெடாது. அதே காரணத்தால் உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் சாகும். கெடாமல் வைக்கிறதும் கொல்கிறதும் ஒரே சுண்ணாம்பு. "உங்க நைனாகிட்ட சொல்லிடாத. அந்தாளு தாங்க மாட்டாரு. பச்சையம்மாளே சொல்லாம போனா" என்றாள். அவள் அழுதது அந்த ஒரு தரம்தான் என்று நினைத்திருந்தேன்.

இல்லை, இன்னொரு தரமும் அழுதாள். பல வருஷம் கழித்து இங்கிலீஷ்காரர்கள் வந்து கோட்டைச் சுவரைத் தகர்த்தபோது, செங்கல் பொறுக்க ஊரே கூடை எடுத்துக்கொண்டு ஓடியது. நல்ல செங்கல், சுட்ட செங்கல், இன்றைக்கும் பழவேற்காட்டில் பல வீட்டு அடுப்புகளில் அதைப் பார்க்கலாம். எல்லாருக்கும் கொண்டாட்டம். அம்மா மட்டும் ஏரிக்கரையில் உட்கார்ந்து அழுதாள். ஒல்லாந்தன் போனதற்கா அழுகிறாய் என்று கேலி செய்தார்கள். இனிமேல் பத்தாவியிலிருந்து கப்பல் எதுவும் இந்தக் கரைக்கு வராது. வருகிற கப்பலில் இறங்குகிறவனிடம் போய், தோணிரேவுப் பச்சையம்மாவைக் கண்டாயா என்று இனி கேட்க முடியாது. அதுவரைக்கும் அவள் ஒரு கப்பல் விடாமல் போய்க் கேட்டிருக்கிறாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வருஷம் அவளும் போய்விட்டாள்.

இப்போது கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் பள்ளமும்தான். கோழிக் கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது என்று காட்ட ஆளில்லை. முட்டை முக்கிய தொட்டி மட்டும் கொஞ்ச காலம் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது, அப்புறம் அதையும் யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். கல்லறைகள் இருக்கின்றன, பேரும் படமும் செதுக்கிய கல்லறைகள், எல்லாம் அவர்களுடையவை. இங்கிருந்து கப்பல் ஏறியவர்களுக்கு இங்கே ஒரு கல் கிடையாது.

நைனா போன மார்கழி வரைக்கும் என்னோடுதான் இருந்தார். வயசாக ஆக மற்றதெல்லாம் மறந்துபோய், அந்த ஒரு பேச்சு மட்டும் மிச்சமிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்: சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி வைத்தேன், அதனால்தான் முட்டை கெடவில்லை, பிள்ளை வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போனாள். அதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் ஒரு அமைதி வரும். எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும், சொல்லிவிடலாமா என்று வாய்வரைக்கும் வரும். கடைசி நாளிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெடாமதானே இருந்திச்சு சின்னி?" என்று கேட்டார். கெடவே இல்லை, ரொம்ப நல்லா இருந்தது என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தூங்கினார். இனி அப்படிக் கேட்க யாரும் இல்லை, அதனால்தான் சொல்லிவிட்டேன்.